கடற்கரைப் பெண்ணுக்கு ஒரு பட்டுச் சேலை

போன மாதம் நானும் பிலோமினா அக்காவும் சேர்ந்து ஒரு ஜெர்மன்காரியைப் பயமுறுத்திவிட்டோம்.

வேண்டுமென்று செய்யவில்லை. வடகடலில் ஒரு தீவு. கடற்கரையோரம் ஒரு வெண்கலச் சிலை. அதன் காலடியில் சிவப்பு விளக்கொன்றை ஏற்றிவைத்து, கண்ணை மூடிக் கை கூப்பி நின்றார் அக்கா. காற்று விளக்கை அணைத்துவிடாமல் நான் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாயோடு நடந்துவந்த ஒரு பெண்மணி எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார். விளக்கைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு, மெதுவாக, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"மன்னிக்கவேண்டும்... யார் இறந்துபோனது?"

இருங்கள். முதலில் இருந்து சொல்கிறேன்.

பிலோமினா என்பது அக்காவின் உண்மையான பெயர் இல்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது பிள்ளை. ஆனா பேரை மாத்து. அப்பிடியே என்னைக் கொஞ்சம் மெலிவாயும் போடு" என்றார். போட்டாயிற்று. ஆகவே, வாசகர்களே, மெலிந்த பிலோமினா அக்கா ஜெர்மனியில் எங்கள் ஊரின் மறுகோடியில் இருக்கிறார். மன்னார்க்காரி. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் ஜெனி.

அக்காவிடம் எனக்கு ஒரேயொரு மனத்தாங்கல் இருந்தது. அவர் வீட்டுக்குப் போனால் விழுந்து விழுந்து கவனிப்பார். ஆனால் நாங்கள் கிளம்புகிற நேரம் ஆளைக் காணக் கிடைக்காது. "சரி அக்கா, வாறம்" என்று சப்பாத்தைப் போடும்போது குசினிக்குள் தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்கும். கோப்பை கழுவுகிறாராம்! வாசல் வரைக்கும் வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? என்ன மனிசி இவ என்று கணவரிடம் காரில் வைத்துப் புறுபுறுப்பேன். 'அவவுக்கு வேலை இருக்கும்' என்பார் அவர். எந்த நாளும், நாங்கள் சப்பாத்துப் போடுகிற நேரம் பார்த்தா?

அப்படியிருக்க, ஒருநாள் ஜெனியிடமிருந்து போன் வந்தது.

ஜெனி கார்ஹிங் என்கிற வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளை. வான்கூவரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, போகப்போகிறாள் என்று எனக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்றும் இருந்தது.

"அன்ரி, அம்மா எயார்போர்ட்டுக்கு வரமாட்டாவாம்."

"ஏனாம்?"

"வேலையாம். லீவு எடுக்கேலாதாம். அன்ரி, நான் முதல்முதல் கார்ஹிங்குக்குப் போகேக்கையும் ஸ்டேசனுக்கு வரேல்லை. அப்ப நான் ஒண்டும் சொல்லேல்லை. இது கனடா அன்ரி. நான் போறது அவவுக்குப் பிடிக்கேல்லை எண்டா என்னட்டைச் சொல்லலாம்தானே?" குரல் உடைந்துவிட்டது. "நான் அவவின்ரை முகத்தைப் பாக்காமல் பிளேன் ஏறமாட்டன் போலை கிடக்கு. ப்ளீஸ், நீங்கள் ஒருக்காக் கதையுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. ஜெனியின் மீதல்ல. எத்தனை நாட்டு எல்லைகளைத் தாண்டி இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த மனிசி, மகள் ஒழுங்கான விசாவோடு, ஜன்னலோரச் சீட்டில் போவதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதா?

ஆனால் பிலோமினா அக்காவை வீட்டில் வைத்து மடக்க முடியாது. குழாயைத் திறந்துவிடுவார். ஆகவே, குழாய் இல்லாத இடமாகப் பார்த்தேன். பத்திரிகையில் இந்தப் பத்தியை எழுதுகிறவள் என்ற சாட்டில் எனக்கு எங்கேயாவது போகவேண்டும் என்று எப்போதும் சொல்லலாம். வடகடலில் ஒரு தீவு இருக்கிறது, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து போனவர்களுக்காகக் கடற்கரையில் நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்களாம், எழுதப்போகிறேன், துணைக்கு வாருங்கள் என்றேன். நினைவுச்சின்னத்தைப் பற்றி அக்கா ஒன்றும் கேட்கவில்லை. "கடலோ?" என்று மட்டும் கேட்டார். வந்துவிட்டார்.

தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். சின்னத் தீவு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

ரயில் மாறி, ரயில் பிந்தி, அடுத்த ரயிலைத் தவறவிட்டு, அதற்கடுத்ததைப் பிடித்து, கடைசியில் கப்பலிலும் ஏறிவிட்டோம். ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று ஊரில் எங்களுக்குச் சொல்லி அனுப்பியவர் யார்? அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். வழி முழுக்க ஜெனியின் பேச்சை எடுத்தேன். அக்கா புட்டுப் பார்சலை எடுத்தார். இன்னொருமுறை எடுத்தேன். சம்பலை எடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே தோற்றுப்போனேன்.

தீவில் இறங்கிக் கடற்கரைக்குப் போனால்... கடலைக் காணவில்லை!

உண்மையாகத்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் சேறு. அங்கங்கே மினுங்குகிற தண்ணீர். அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக் கடல் வற்றுகிற நேரத்தில் அப்படியே எழுந்து போய்விடும். பிறகு தன்பாட்டில் திரும்பி வரும். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"எங்கடை கடலும் வத்துறதுதான். ஆனா உப்பிடி வீட்டைப் பூட்டிக்கொண்டு போறேல்லை" என்றார்.

கரையோரப் பாதையால் நடந்தோம். நல்ல காற்று. வெயில் இருந்தும் சூடு இல்லை. ஒரு திருப்பத்தில்தான் அந்தச் சிலை. நாங்கள் பின்பக்கத்தால் வந்தோம். கடலைப் பார்த்தபடி நின்றாள் ஒரு பெண். தலையில் முக்காடு. இடுப்பில் குழந்தை. நான் கைப்பைக்குள் கைபேசியைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அக்கா பக்கத்தில் இல்லை. சிலையின் காலடியில், பின்பக்கத்திலேயே முழங்காலில் நிற்கிறார்.

"மாதாவே! இஞ்சையும் வந்து நிக்கிறியே தாயே!"

அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு விளக்கு இருக்கும். சிவப்புப் பிளாஸ்டிக் குவளைக்குள் மெழுகு ஊற்றி, மேலே மூடி போட்ட விளக்கு. ஜெர்மன்காரர் கல்லறைகளில் ஏற்றி வைப்பது. சூப்பர் மார்க்கெட்டில் வாங்கலாம், காற்றிலும் நின்று எரியும் என்பதால் எங்கள் கத்தோலிக்கச் சனம் அதை மாதாவுக்கும் அந்தோனியாருக்கும் ஏற்றிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துப் பற்றவைத்தார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சைவக்காரி எனக்கு மாதா சிலையைப் பற்றி என்ன தெரியும்? காலடியில் கிடந்த வெண்கலப் பெட்டிதான் கொஞ்சம் உறுத்தியது.

"அக்கா, மாதாவுக்கு என்னத்துக்கு சூட்கேஸ்?"

"கைப்பிள்ளையோடை எகிப்துக்கு ஓடினவ எல்லோ! பெட்டி இல்லாமலே போனவ?" என்று ஒரு போடு போட்டார். வாயை மூடிக்கொண்டு குடையை விரித்தேன்.

மன்றாட்டு சத்தமாகத்தான் நடந்தது. கேட்கக்கூடாதுதான். குடை பிடிக்கிறவள் காதைப் பொத்த முடியுமா? "தாயே, என்ரை பிள்ளை சுகமாப் போய்ச் சேர்ந்தா உனக்குப் பட்டுச் சேலை சாத்துறன். நீல நிறத்திலை. கரை வைச்சது."

அப்போதுதான் அந்தப் பெண்மணி வந்து, யார் இறந்தது என்று கேட்டது.

அக்காவின் முகத்தில் இரத்தம் இல்லை. "என்ன கதை கதைக்கிறா உவ! பிள்ளை வெளிக்கிடப்போற நேரத்திலை!" என்று என் கையைப் பிடித்தார்.  நான் அவசர அவசரமாக ஜெர்மன் மொழியில் விளக்கினேன். ஒருவரும் சாகவில்லை. இவருடைய மகள் தூரதேசம் போகிறாள். மாதாவிடம் வேண்டிக்கொள்கிறார்.

"மாதாவிடமா?" அந்தப் பெண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அடக்கிக்கொண்டார். "இந்தத் தீவில் நாங்கள் புரட்டஸ்தாந்துகள். மாதாவுக்குச் சிலை வைப்பதில்லை. இவள் சும்மா ஒரு பெண். எங்கள் ஊர்ப் பெண். இந்தப் பக்கம் வந்து பாருங்கள்."

கடல் பக்கமாகப் போய்ப் பார்த்தோம். அங்கேதான் எழுத்து இருந்தது. இந்தத் தீவைவிட்டுக் கடல் கடந்து போன எல்லோருடைய நினைவாகவும் என்று. நான் எழுதப்போகிறேன் என்று சொல்லி வந்த நினைவுச்சின்னமே அதுதான்! அதற்குப் பக்கத்திலேயே நின்று குடை பிடித்திருக்கிறேன். பத்திரிகைக்காரியாம்.

எனக்கு இன்னொன்றும் தோன்றியது. விட்டுப் போனவர்களுக்கு ஊர் சிலை வைத்திருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் தலைகீழ். விட்டுப் போனவர்கள்தான் ஊருக்குக் கோபுரம் கட்டுவார்கள். தங்கள் பெயரைப் பெரிதாகப் போட்டு!

அக்கா சிரிக்கவில்லை. பக்கத்து வாங்கில் போய் உட்கார்ந்தார். விளக்கை எடுப்பதா விடுவதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி நாயைக் கட்டிவிட்டு வாங்கின் மறுமுனையில் உட்கார்ந்தார். என் கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அக்கா, அவ்வளவு அன்பு இருக்கு. பிறகேன் எயார்போர்ட்டுக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறீங்கள்? பிள்ளை அழுறாள்."

 அக்கா சேற்றைப் பார்த்தபடி சொன்னார்.

"அண்ணன் இந்தியாவுக்குப் படகேறேக்கை நாங்கள் எல்லாரும் கரைக்குப் போனனாங்கள். அம்மா, நான், தங்கச்சி, பக்கத்து வீட்டுச் சனம்... எல்லாரும். அவன் எழும்பி நிண்டு கை காட்டினவன். நாங்களும் காட்டினம். அந்தப் படகு போய்ச் சேரேல்லை, பிள்ளை."

அக்கா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"பிறகு நான் வெளிக்கிடேக்கை அம்மா வீட்டு முத்தத்திலை இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தவ. தலை நிமிரேல்லை. நான் கடைக்குப் போறவள் மாதிரி நடந்து போனன். போய்ச் சேர்ந்திட்டன். தங்கச்சி பிரான்சுக்கு வெளிக்கிடேக்கையும் ஆரும் பாக்கேல்லை. அவளும் சேர்ந்திட்டாள். எங்கடை வீட்டிலை ஆரையும் வழியனுப்பிறேல்லை. வழியனுப்பினா ஆள் போய்ச் சேராது."

தண்ணீர்க் குழாய்! இத்தனை வருடமாகத் திறந்த குழாய்! நாங்கள் காரில் ஏறி வீடு போய்ச் சேரவேண்டும் என்பதற்காகத் திறந்த குழாய். நானோ காரில் இருந்து அந்த மனிசியைத் திட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"இதை ஜெனியட்டைச் சொல்லலாமே அக்கா?"

"சொன்னாச் சிரிப்பாள். படிச்ச பிள்ளை."

"சிரிச்சிட்டுப் போகட்டுமே."

"சிரிச்சாப் பரவாயில்லை, பிள்ளை. நம்பிட்டாள் எண்டா?"

 இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

எங்கள் பாஷை விளங்காவிட்டாலும், ஏதோ பாரமான கதை என்று அந்தப் பெண்மணிக்குத் தெரிந்திருக்கவேண்டும். பேச்சை மாற்றுவது போல, சிலையைக் காட்டி, தன் தாத்தாவின் அண்ணன் தம்பிமார் எல்லோருமே நியூயோர்க் போனவர்கள் என்றார். போய் என்ன செய்தார்களாம்? மளிகைக்கடை போட்டார்களாம். ஒருவர் கடை போட, ஊரில் இருந்து அடுத்தவரைக் கூப்பிட, அவரும் பக்கத்துத் தெருவில் கடை போட... அட, எங்கள் ஆட்களேதான்! இனி முதலாவது கடைக்காரரும் இரண்டாவது கடைக்காரரும் கதைபேச்சில்லாமல் இருந்தார்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பிலோமினா அக்கா முந்திக்கொண்டார். அவருடைய ஜெர்மன் சமையலறை ஜெர்மன். சுற்றி வளைக்காது.

"அவர்கள் போகும்போது இங்கே கரைக்கு யாராவது வந்தார்களா?"

"வந்தார்களாவா? ஊரே வருமாம். பாட்டி சொல்லுவார். பாண்ட் வாத்தியம் வாசிப்பார்களாம். கப்பல் மறையும் வரைக்கும் கைக்குட்டையை ஆட்டுவார்களாம்."

"அம்மாமாரும்?"

"அம்மாமார்தான் முன்வரிசையில்."

அக்கா அவர் பக்கமாக முழுவதும் திரும்பி உட்கார்ந்தார். "போய்ச் சேர்ந்தார்களா?"

"எங்கள் வீட்டில் போனவர்களா? எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள்" என்றார் அந்தப் பெண்மணி, இதில் என்ன கேள்வி என்பது போல. "சிலர் வயதானபின் திரும்பியும் வந்தார்கள். தொப்பியும் போட்டுக்கொண்டு."

"பாண்ட் வாசித்தும்?"

"பாண்ட் வாசித்தும்."

 நான் அந்தப் பெண்மணிக்கு நன்றி சொன்னேன். எதற்கு என்று அவருக்கு விளங்கியிருக்காது. அவர் நாயை அவிழ்த்துக்கொண்டு போனார். நாங்கள் எழும்பும்போது கடல் திரும்பிக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல், சேற்றுக்கு மேலால் மெல்ல மெல்ல. அக்கா போய் விளக்கின் மூடியை இறுக்கிச் சரிபார்த்தார். எடுக்கவில்லை. எரியட்டும் என்று விட்டுவிட்டு வந்தார்.

விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.  திரும்பும் வழியில் நானும் நச்சரிக்கவில்லை. என் வாழ்க்கையில் அபூர்வம்.

ஜெனி பறக்கிற நாள். பிராங்பேர்ட் விமான நிலையம். நானும் கணவரும்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். விடிய அக்கா வீட்டில் இல்லையாம், வேலைக்குப் போய்விட்டாராம். ஜெனி பெட்டிகளைக் கொடுத்துவிட்டு வந்தாள். சோதனைக்குப் போகிற வாசலுக்குப் பக்கத்தில் நின்றோம். அவள் எங்களோடு கதைத்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் பெரிய கண்ணாடிக் கதவில். கதவு திறக்கும். வேறு யாரோ வருவார்கள். மறுபடி திறக்கும். வேறு யாரோ. எனக்கு அந்தக் கதவை உடைக்கவேண்டும் போல இருந்தது.

"சரி அன்ரி. நேரமாச்சு. நான் போறன்."

கைப்பையைத் தோளில் போட்டாள். அந்த நேரம் பார்த்து எங்கேயோ பாட்டுச் சத்தம் கேட்டது. தமிழ்ப் பாட்டு. மாதா பாட்டு!

கதவு திறந்தது. சேலைக்கு மேலே குளிர் ஜாக்கெட் போட்டபடி பிலோமினா அக்கா. அவருக்குப் பின்னால் அவர்களுடைய செபக்குழுப் பெண்கள் அத்தனை பேரும், கையில் கைக்குட்டையோடு, பாடியபடி. எல்லோரும் ஒரே ரயிலில் வந்திருக்கிறார்கள். ரயில் பிந்தியிருக்கிறது. பெட்டி தள்ளிக்கொண்டு போன சனம் நின்று பார்த்தது. இரண்டு போலீஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெண்களின் வயதைப் பார்த்துவிட்டு, பேசாமல் போய்விட்டார்கள்.

"அம்மா! என்னம்மா இது?"

"பாண்ட் கிடைக்கேல்லை" என்றார் அக்கா.

ஜெனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கால் தண்ணீர் ஓடியது. வழியனுப்பினால் போய்ச் சேராது என்ற மூடநம்பிக்கையை விட்டுவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. ஊரோடு திரண்டு, சத்தம் போட்டு வழியனுப்பினால் போய்ச் சேரும் என்று புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்! மனிசருக்குப் பயத்தை விடுவது அவ்வளவு சுலபமில்லை. ஆனால் அதை நல்லதாகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஜெனி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனம்மா முந்தி ஒருநாளும் வரேல்லை?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

"போய்ச் சேர். பிறகு சொல்லுறன்."

பிள்ளை வாசலுக்குள் போனாள். திரும்பிப் பார்த்தாள். அக்கா அசையாமல் நின்றார். என் பக்கம் குனிந்து, மிகச் சின்னக் குரலில் கேட்டார். "இப்ப என்ன செய்யிறது?"

"கையைக் காட்டுங்கோ அக்கா."

கையை உயர்த்தினார். முதலில் நெஞ்சு வரைக்கும்தான். பிறகு தலைக்கு மேலே. அந்தக் கை கடைசியாக ஒருவருக்கு அசைந்தது எந்தக் கரையில் என்று எனக்குத் தெரியும். ஜெனி போய் மறைந்தாள். கை இறங்கவில்லை. அதன்பின் அந்த வாசலால் போன யாரோ ஒரு ஜப்பானியக் குடும்பத்துக்கும் அக்கா கை காட்டினார். அவர்களும் பதிலுக்குக் காட்டினார்கள். நல்ல சனம்.

மறுநாள் காலை நான் தேநீர் வைத்துக்கொண்டிருக்கும்போது போன்.

"போய்ச் சேர்ந்திட்டாள் பிள்ளை! அறையும் பிடிச்சுப்போச்சாம். எல்லாத்தையும் சொல்லிப்போட்டன் அவளுக்கு. அண்ணன்ரை கதையும்."

"என்ன சொன்னவள்? சிரிச்சவளோ?"

"இல்லை. முழுக்கக் கேட்டவள். பிறகு சொன்னாள், 'அம்மா, நான் திரும்பி வரேக்கையும் பாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ' எண்டு." அக்கா மூக்கை உறிஞ்சினார். "சரி, அது கிடக்கட்டும். இப்ப சேலை அலுவலைப் பாப்பம்."

"என்ன சேலை?"

"நேர்த்தி வைச்சனான் எல்லோ! நீலப் பட்டு. திரும்ப எப்ப தீவுக்குப் போவம்?"

கெட்டது குடி! அந்நிய ஊரில், பொது இடத்தில் நிற்கிற வெண்கலச் சிலைக்கு யாரையும் கேட்காமல் பட்டுச் சேலை சுற்ற முடியுமா? இது ஜெர்மனி. அந்த ஊர் நகரசபைக்கு அன்ட்ராக் என்று விண்ணப்பம் போடவேண்டும், அவர்கள் டெர்மின் என்று ஒரு நாள் குறித்துத் தரவேண்டும் என்றேன். அக்கா அசரவில்லை. "உனக்குத்தானே எழுத்து வேலை. நீ எழுது" என்றார்.

"அக்கா, அது மாதா இல்லை. நீங்களும்தானே வாசிச்சனீங்கள்?"

"ஓம், தெரியும்."

"பிறகென்ன? அந்தச் சேலையை எங்கையாவது மாதா கோயிலுக்குக் குடுங்கோவன். காரணம் எண்ட இடத்திலை நான் என்னத்தை எழுதுறது?"

"உள்ளதை எழுது பிள்ளை. என்ரை மன்றாட்டைக் கேட்டது அவதான் எண்டு எழுது."